ஊமத்தையும் மணத்தக்காளியும்: தோட்டத்து ஊரில் புதிதாகக் கீரை பறிப்பவர்களுக்கு

சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது, "இங்க கீரைக்குக் காசு குடுக்கத் தேவையில்ல" என்பதுதான். உண்மைதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் பால்மரமும் செம்பனையும். மழைக்குக் குறைவே இல்லை. வீட்டுப் பின்பக்கச் சாக்கடை ஓரத்தில் மணத்தக்காளி தானாக முளைக்கும். ரயில் தண்டவாளத்தை ஒட்டிச் சுண்டைச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். கோவில் மதிலடியில் ஊமத்தை பூத்துக் கிடக்கும். மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். முதல் இரண்டும் நம் அடுப்புக்கு வருபவை. மூன்றாவது கொஞ்சம் உள்ளே போனாலும் ஆளைப் புத்தி பேதலிக்க வைக்கும். அளவு கூடினால் உயிரையும் எடுக்கும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டியோடு கீரை பறிக்கப் போகும்போதே, "அதைத் தொடாத, அது ஊமத்தை" என்று கையில் ஒரு தட்டு விழும். அதுவே பாடம். லயங்கள் காலியாகி, சனங்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போன பிறகு அந்தப் பாடம் நின்றுபோனது. கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள், தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து தாங்களே சமைத்துச் சாப்பிடுகிற தொழிலாளர்கள், கல்யாணமாகி இங்கே வருகிற பெண்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாகப் பறியுங்கள். ஆனால் பூவையும் காயையும் பார்க்காமல் ஒரு செடியிலும் கை வைக்காதீர்கள். இதைத்தான் கீழே விவரமாகச் சொல்லப் போகிறேன்.

முதல் வேலை: வீட்டுக் கத்தரிச் செடி

காட்டுச் செடியைப் பார்க்கப் போகும் முன் வீட்டுச் செடியைப் பாருங்கள். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 2,700 வகைகள் இருக்கின்றன. குடும்ப முகம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு கத்தரிப் பூவைக் கையில் எடுங்கள். இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும். நுனியில் ஐந்து கூராகப் பிரியும். நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் நெருங்கி நின்று ஒரு கூம்பாகத் தெரியும். பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைப் புல்லியைக் கவனியுங்கள். பூ உதிர்ந்த பிறகும் அது உதிராது, காயோடு ஒட்டிக்கொண்டு வளரும். கத்தரிக்காயின் தலையில் இருக்கும் முள் தொப்பி அதுதான். தக்காளிக் காம்படியில் விரிந்திருக்கும் பச்சை நட்சத்திரமும் அதுதான்.

இதே பூவைச் சின்னதாக, வெள்ளையாக மணத்தக்காளியில் பார்ப்பீர்கள். கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாகச் சுண்டையில் பார்ப்பீர்கள். ஊதா நிறத்தில் தூதுவளையில் பார்ப்பீர்கள். ஊமத்தைப் பூ மட்டும் வேறு ஜாடை. அதற்கு அடுத்து வருகிறேன்.

அதற்கு முன் விஷத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் குடும்பத்தில் பெரிய பயம் இரண்டு வகை விஷத்துக்கு. ஒன்று சொலனின் வகை. பச்சையேறிய உருளைக்கிழங்கிலும் முளைவிட்ட உருளைக்கிழங்கிலும், மணத்தக்காளியின் பழுக்காத காயிலும் இருப்பது இது. வயிற்றைப் பிடுங்கும், வாந்தியும் பேதியும் வரும், தலை வலிக்கும். இன்னொன்று அட்ரோப்பின், ஸ்கோப்போலமின் வகை. இது ஊமத்தையின் சொத்து. வேரிலிருந்து விதை வரை செடி முழுக்க இருக்கும். இது மூளையையும் இதயத்தையும் பிடிக்கும். இரண்டுமே சமைத்தால் போய்விடும் என்று நம்பக் கூடாது. கொதிக்க வைத்தாலும் ஊமத்தை ஊமத்தைதான்.

ஊமத்தையை அடையாளம் காண்பது

மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்பார்கள். இடுப்பு உயரம் முதல் நெஞ்சு உயரம் வரை வளரும். தண்டு பருமனாக இருக்கும்; நம் பக்கத்துச் செடிகளில் பெரும்பாலும் ஊதா ஓடிய தண்டு. பூ நீளமாகப் புனல் வடிவில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, நாகஸ்வரத்தின் அணசு விரிந்த மாதிரி வாய் திறந்து நிற்கும். முழு வெள்ளையும் உண்டு. வெளியே ஊதா, உள்ளே வெள்ளை என்பதும் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு வைத்த பூவும் உண்டு. சாயங்காலம் விரியும், இரவில் மணக்கும், மறுநாள் வெயில் ஏறினால் துவண்டுவிடும். அதனால் மத்தியானம் தேடிப் போனால் பூ இருப்பதே தெரியாமல் போகலாம். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

பூ இல்லாவிட்டால் காயைத் தேடுங்கள். எலுமிச்சையை விடக் கொஞ்சம் சின்னது, உருண்டை, மேலெல்லாம் மழுங்கிய குட்டை முள். தலைகீழாகத் தொங்கும். காயும் காம்பும் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு கிழிந்த விளிம்பு பின்னால் மடங்கி நிற்கும். பழைய புல்லியின் அடிப்பகுதி அது. முற்றினால் காய் ஒழுங்கில்லாமல் வெடிக்கும். உள்ளே வெளிர்பழுப்பு விதைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும்.

அந்த விதையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. காய்ந்த மிளகாய் விதையோடு சட்டென்று குழப்பிக்கொள்ளலாம். அந்தக் காலத்து இந்தியாவில் வழிப்போக்கர்களின் சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து, மயங்கியதும் கொள்ளையடித்த கதைகள் சட்ட மருத்துவப் பாடநூல்களிலேயே இருக்கின்றன. அந்த நூல்கள் சொல்லித்தரும் வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம். மிளகாய் விதை தட்டையாக, வட்டமாக, வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். ஊமத்தை விதை அதைவிடப் பெரிது, தடிப்பு, சிறுநீரக வடிவம், பழுப்பு நிறம், மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. சவரக் கத்தியால் நடுவில் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், மிளகாய் விதைக்குள் இருக்கும் கரு 6 என்ற எண்ணாக உள்பக்கம் சுருண்டிருக்கும். ஊமத்தையில் கருவின் நுனி வெளிப்பக்கம் வளைந்து போகும். நாட்டு மிளகாய் விதை என்று யாராவது காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் விதைக்கும் முன் ஒருமுறை இப்படிப் பாருங்கள். வாயில் வைத்து ருசி பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பூவும் காயும் வராத இளஞ்செடிதான் கீரை பறிக்கிறவர்களை ஏமாற்றுகிறது. மழை பெய்து நாலு வாரம் ஆனதும் மணத்தக்காளிக் கன்றும் ஊமத்தைக் கன்றும் ஒரே சாக்கடை ஓரத்தில் ஒன்றோடொன்று கலந்து முளைத்து நிற்கும். அப்போது இலையின் அடியைப் பாருங்கள். ஊமத்தை இலை காம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு பக்கம் மேலேயே நின்றுவிடும், மறுபக்கம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வந்து சேரும். இலையும் பெரிது, முற்றியது உள்ளங்கையைத் தாண்டும். கசக்கினால் குமட்டுகிற வாடை அடிக்கும். கசக்கிப் பார்த்தீர்கள் என்றால் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள். அந்தச் சாறு பட்ட கண்ணின் மணி மட்டும் அகலமாக விரிந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் பார்வை மங்கலாகவே இருக்கும். கண் மருத்துவர்கள் பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிக்கச் சொட்டுகிற மருந்துகளில் அட்ரோப்பினும் ஒன்று.

கோவிலில் சிவனுக்கு ஊமத்தம்பூ சாத்துவது நம் வழக்கம். அதனால் தோட்டத்துக் கோவில்களில் வேண்டுமென்றே நட்டு வைத்திருப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மதிலுக்கு உள்ளே, பிள்ளைகள் விளையாடாத பக்கமாக இருக்கட்டும். காய் விடுவதற்கு முன் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் விதை பரவாது. கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இழுப்புக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை பிடிக்கச் சொல்கிற பழைய பக்குவம் இன்னும் சில வீடுகளில் வாய்வழியாக ஓடுகிறது. இந்தியாவில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இந்த இலையை வைத்து ஆஸ்துமா சிகரெட் விற்றார்கள். இப்போது கிளினிக்கில் கொடுக்கிற இன்ஹேலர் இருக்கிறது. அளவு தெரியாத இலைக்கு இனி வேலை இல்லை. ஒரே ஊரில் நிற்கும் இரண்டு ஊமத்தைச் செடிகளில் விஷத்தின் அளவு இரண்டு விதமாக இருக்கும். ஒரே செடியில் இலைக்கும் விதைக்கும் மாறும். போதைக்காக இதைத் தின்று பார்க்கிற இளைஞர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

காணொளியில் வருவது வேறு செடி

தொலைபேசியில் தேடினால் அமெரிக்கக் காணொளிகள்தான் முதலில் வரும். அங்கே மொஹாவி, சொனோரா பாலைவனங்களில் ஊமத்தையின் உறவு ஒன்று மணல் ஓடைகளிலும் சாலை ஓரங்களிலும் வளர்கிறது. சாம்பல் பூத்த இலை, பெரிய வெள்ளைப் பூ, தரைக்கு அடியில் தடித்த வேர். வறண்ட காலத்தில் மேல்செடி காய்ந்து போனாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அங்கே அதே நிலத்தில் வெள்ளி நிற இலையும் ஊதாப் பூவும் மஞ்சள் காயுமாக இன்னொரு விஷக் கத்தரியும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் காடுகழனிகளில் இந்த வெள்ளிலைக் கத்தரி களையாக வந்துவிட்டது. அங்கிருந்து வந்தவர்கள் பார்த்திருக்கலாம். "சாம்பல் இலை, மணல் தரை" என்ற பாலைவன அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு நம் ஈரமண்ணில் தேடினால், கண்ணெதிரே பச்சையாக நிற்கிற ஊமத்தையைத் தவறவிடுவீர்கள்.

அமெரிக்காவில் காய் நிமிர்ந்து நிற்கிற இன்னொரு ஊமத்தை இருக்கிறது. அதன் காய் ஒழுங்காக நாலாகப் பிளக்கும், விதை கறுப்பு. 1676-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதன் இளந்தளிரைக் கீரை என்று நினைத்து வேக வைத்துத் தின்றுவிட்டு, பதினோரு நாள் பித்துப் பிடித்தவர்களாகத் திரிந்தார்கள் என்று பதிவு இருக்கிறது. அந்த ஊர்ப் பேரையே அந்தச் செடிக்கு வைத்துவிட்டார்கள். அவர்கள் ஏமாந்ததும் பூ வராத இளஞ்செடியில்தான்.

அதேபோல ஐரோப்பாவின் பெல்லடோனா பழத்தைக் காட்டி, "மணத்தக்காளியே விஷம், உடனே பிடுங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அவ்வப்போது சுற்றி வரும். பெல்லடோனா குளிர்நாட்டுச் செடி, நம் சாக்கடை ஓரத்தில் முளைக்காது. அதன் பூ மணி வடிவில் மங்கிய ஊதா. பழம் ஒன்று ஒன்றாகத் தனியே நிற்கும். பழத்துக்கு அடியில் புல்லி பெரிய நட்சத்திரமாக விரிந்திருக்கும். மணத்தக்காளி அப்படி இல்லை.

மணத்தக்காளி

மலாயில் ரந்தி. முழங்கால் உயரம், சில சமயம் இடுப்பு வரை. தண்டு மெல்லிசு. இலை மிருதுவாக, விரல் நீளத்துக்கு இருக்கும். பூ மிகச் சின்னது, வெள்ளை, நடுவில் மஞ்சள் கூம்பு. ஒரே காம்பின் நுனியிலிருந்து நாலைந்து பூக்கள் சேர்ந்து தொங்கும். பிறகு அங்கேயே நாலைந்து காய்கள். ஒவ்வொன்றும் பட்டாணியை விடச் சின்னது. பச்சையாக இருந்து நன்றாகக் கறுக்கும். புல்லி சின்னதாக, பழத்தைப் பிடிக்காமல் பின்னால் மடங்கியிருக்கும்.

வெள்ளை நட்சத்திரப் பூ, கொத்துக் காய், சின்னக் கறுப்புப் பழம், மெல்லிய முள்ளில்லாத தண்டு: நாலும் ஒரே செடியில் சேர்ந்து கண்ணில் பட்டால்தான் அது மணத்தக்காளி. மூன்று பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள்.

பழம் கறுத்துப் பழுத்தால் தின்னலாம். கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் வாய்ப்புண்ணுக்கு அதைவிடக் கைகண்ட மருந்து நம் வீடுகளில் கிடையாது. பச்சைக் காயைப் பிள்ளைகள் செடியிலிருந்து உருவி அப்படியே வாயில் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்க வேண்டும். மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து, குழம்பில் பத்துப் பதினைந்து வற்றல் போடுகிற நம் வழக்கமும், ஒரு கைப்பிடி பச்சைக்காயை மென்று தின்பதும் ஒன்றல்ல. சின்ன உடம்புக்குச் சின்ன அளவே அதிகம்.

கறுப்புப் பழத்தில் குழப்பம் வருகிற இன்னொரு செடி உண்ணிச்செடி. மலாயில் புங்கா தாஹி ஆயாம். இது கத்தரிக் குடும்பமே இல்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்துச் சாலை ஓரத்தில் கொத்தாகக் கருநீலப் பழத்தோடு நிற்கும். தண்டைத் தடவிப் பாருங்கள், நாலு பட்டையாகச் சதுரமாக இருக்கும். இலை சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் கடுமையான வாடை வரும். பூக்கள் மஞ்சளும் சிவப்பும் இளஞ்சிவப்புமாக ஒரே தலையில் நெருங்கி நிற்கும். அதன் பச்சைக்காய் விஷம்.

பழுத்த பிறகு தின்னக்கூடிய இன்னொன்று சொடக்குத் தக்காளி. காகிதக் கூடு மாதிரியான உறைக்குள் ஒற்றைப் பழம் இருக்கும். உறையை நெற்றியில் அடித்து வெடிப்பது பிள்ளைகளின் விளையாட்டு. மலாய்ப் பிள்ளைகள் லெத்துப்-லெத்துப் என்பார்கள். உறை காய்ந்து, பழம் மஞ்சளாகித் தானாக விழுந்ததை மட்டும் எடுக்கலாம்.

முள் உள்ள கத்தரிகள்

சுண்டையில் குழப்பம் குறைவு. மலாயில் தெரோங் பிப்பிட். ஆள் உயரப் புதர், தண்டில் அங்கங்கே முள், வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். காயின் மேல் முள் கிடையாது. பச்சையாக இருக்கும்போதே பறித்துத் தட்டி, கழுவி, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

தவிர்க்க வேண்டியது, இலையின் இரண்டு பக்கத்திலும் நீண்ட ஊசி முள் வைத்து, மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ கண்ணைப் பறிக்கும் பழம் விடுகிற குட்டைச் செடிகள். சீனப் புத்தாண்டு நேரத்தில் பசாரில் அலங்காரத்துக்கு விற்பார்களே, அடியில் காம்புக் காம்பாகப் புடைத்த பொன்மஞ்சள் பழம், அதுவும் இந்தக் குடும்பம்தான். வாசலில் வைக்க அழகு, உள்ளே விஷம். பண்டிகை முடிந்ததும் குப்பையில் வீசி, அதிலிருந்து விதை முளைத்து வீட்டுப் பின்னால் நிற்பதைப் பார்க்கலாம். பிடுங்கிவிடுங்கள்.

தூதுவளை தெரியாதவர்கள் குறைவு: கொடியாகப் படரும், கொக்கி முள், ஊதாப் பூ, சிவப்புப் பழம். வேலியில் நீங்களே வைத்த கொடியிலிருந்து பறியுங்கள். புதரில் பார்த்த கொடியிலிருந்து வேண்டாம்.

வாசலில் வைக்கும் அழகுச் செடிகள்

கேமரன் மலைக்குப் போய்வருகிறவர்கள் ஒரு குச்சியை ஒடித்து வந்து நடுகிற மரச்செடி ஒன்று உண்டு. ஊமத்தைப் பூவேதான், ஆனால் தலைகீழாகத் தொங்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. விஷம் ஊமத்தையுடையதேதான், வலுவும் குறைவில்லை. அதேபோல ராத்திரி மணக்கிறது என்று சன்னலடியில் வைக்கிற இரவு ராணி. பச்சை கலந்த வெள்ளையில் மெல்லிய குழல் பூக்கள், பிறகு வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பழங்கள். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டும் வேண்டாம்.

பறிக்கப் போகும் நாளில்

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். காலைச் சந்தையில் கீரை கட்டி விற்கிற அக்கா யாராவது இருப்பார். "அக்கா, ஒரு நாள் கூட வரலாமா?" என்று கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு. அவர் கை எங்கே போகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். தாண்டிப் போகிற செடிகளையும் பேர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செடியைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்ட பிறகும், அதைப் பூக்க விட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் பொறுத்தால் அதுவே பூத்துத் தன் பேரைச் சொல்லிவிடும். பூத்த செடிக்குப் பக்கத்தில் நிற்கும் கன்றும் அதே செடியாகத்தான் இருக்கும் என்று நம்பி அள்ளிக் கொள்ளாதீர்கள். கத்தரிக்கோலால் செடி செடியாக வெட்டுங்கள். கொத்தாகப் பிடித்து அரிவாளால் அறுக்கிறபோதுதான் நடுவில் வேறொன்று வந்து சேரும். வீட்டில் ஆய்கிறபோது கட்டைப் பிரித்து ஒவ்வொரு தண்டாகத் திரும்பப் பாருங்கள். இலையின் அடி கோணலாக இருக்கிற ஒன்று கிடைத்தால் கட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

தொலைபேசிச் செயலி படம் பார்த்துச் சொல்கிற பேரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூவில்லாத இலைப் படத்துக்கு அது சொல்கிற பதிலை வைத்து எதையும் சட்டியில் போடாதீர்கள்.

"குருவி தின்கிறதே, நாம் தின்றால் என்ன?" என்று கேட்பார்கள். கொண்டைக்குருவிக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று கணக்கில்லை. சில முயல்களின் உடம்பில் அட்ரோப்பினைச் சிதைக்கிற நொதியே இருக்கிறது. நமக்குச் சேதம் செய்கிற இலையை அவை தின்றுவிட்டுத் துள்ளிப் போகும்.

அப்புறம், செடி சரியானதாக இருந்தாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகவும், அறுவடைப் பாதையிலும் களைக்கு மருந்தடிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. கிளைபோசேட் போன்றவை புழக்கத்தில் இருக்கின்றன. அடித்த முதல் சில நாள் இலை வாடாது, பார்க்கப் பச்சையாகவே இருக்கும். அதனால் தோட்டத்துக்கு உள்ளே பறிப்பதென்றால் எங்கே, என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்டத்துக் கங்காணியிடம்) கேட்டுவிட்டுப் போங்கள். மரத்தடியில் எலி மருந்துக் கட்டிகளும் கிடக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கவனம். பெரிய சாலையின் சாக்கடை, ஆலைக் கழிவு போகிற வாய்க்கால், இரண்டிலும் பறிக்கவே வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டால்

ஊமத்தை உள்ளே போனால் பெரும்பாலும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். வாய் வறண்டுபோகும், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முகம் சிவக்கும். உடம்பு கொதிக்கும், ஆனால் வியர்வை வராது. கண்மணி பெரிதாகி, பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். நெஞ்சு படபடக்கும். சிறுநீர் கட்டிக்கொள்ளும். பிறகு பேச்சு குழறும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து இழுத்து எடுப்பார்கள். பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். கோவிலுக்கும் மந்திரிக்கிறவரிடமும் அழைத்துப் போய் நேரத்தைக் கழிப்பது இதனால்தான். கண்மணி விரிந்து, வாய் காய்ந்து, உடம்பு சூடாகி ஒருவர் திடீரென்று பிதற்றினால், அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சொலனின் வேறு மாதிரி. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வயிற்றுவலி, வாந்தி, பேதி என்று வரும்.

இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயில் மிச்சம் இருந்தால் துப்பச் சொல்லி, தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கிறவருக்கு அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். 999-ஐ அழையுங்கள், அல்லது வேறொருவர் வண்டி ஓட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சுங்கை சிப்புட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பினாங்கில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1-800-88-8099. ஆள் நினைவோடு இருந்தால் அவர்களிடம் யோசனை கேட்கலாம். ஆள் பிதற்றிக்கொண்டிருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு திணறினாலோ அந்த அழைப்புக்காகக்கூடத் தாமதிக்காமல் கிளம்புங்கள்.

போகும்போது அந்தச் செடியைப் பூவோடும் காயோடும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சமைத்த மிச்சம் இருந்தால் அதையும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். கூடச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அவர்களையும் கூட்டிப் போங்கள். போதைக்காகத் தின்றிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஊமத்தைக்கு மாற்றுமருந்து இருக்கிறது, என்ன விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். வழியில் ஆளைத் தனியே விடாதீர்கள். பிதற்றலில் எழுந்து சாலைக்கு ஓடுவதும், மாடியிலிருந்து இறங்கப் பார்ப்பதும் உண்டு. குழப்பம் தெளிய ஒரு நாள் இரண்டு நாள்கூட ஆகலாம்.

செடியை அப்புறப்படுத்துவது

வீட்டு எல்லைக்குள் ஊமத்தை வந்துவிட்டால் காய் வெடிப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கிற நாளில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அடியோடு பிடுங்கினால் வேர் முழுசாக வரும். காயை முதலில் வெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், பிறகு செடியைத் துண்டு துண்டாக்கி இன்னொரு பையில். கீழே சிந்திய விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், அதனால் அந்த இடத்தில் மாதம் ஒருமுறை கண் வையுங்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ தூக்கிப் போடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். எரிக்கவும் கூடாது, அந்தப் புகையைச் சுவாசித்தாலும் விஷம் உடம்பில் ஏறும். கட்டிய பைகளைக் குப்பை லாரி வருகிற அன்று காலையில் வெளியே வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் நாய் கிழித்துவிடும்.